மூச்சு குறைவா, தாளம் கேட்கவில்லையா?

பிரிக்பீல்ட்ஸ் என்றதும் கோலாலம்பூர்க்காரர்களுக்குப் பார்வையற்றோர் சங்கமும் நடைபாதையின் மஞ்சள் மேட்டு ஓடுகளும்தான் நினைவுக்கு வரும். அதே வட்டாரத்து ஒய்எம்சிஏ பல்லாண்டுகளாகக் காது கேளாதோருக்காகப் பாடுபட்டு வருவது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கேளாமை கண்ணில் படாத குறை. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். ஆனால் காது கேளாத பிள்ளைகளுக்கு மூச்சுக் கொள்ளளவும் உடல்தகுதியும் குறைவு என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அதன் காரணத்தை நுரையீரலில் தேடுமுன் அளந்த விதத்தைப் பார்க்க வேண்டும் என்பேன்.

ஒய்எம்சிஏ பெயரிலேயே உலகெங்கும் வழங்கும் படிச் சோதனை ஒன்று உண்டு. சுமார் 30 செ.மீ. உயரப் பலகையில் 3 நிமிடம் ஏறி இறங்கி, பிறகு நாடியை எண்ண வேண்டும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோம் நிமிடத்துக்கு 96 தட்டுத் தட்டும். நம் மலேசியப் பள்ளிகளின் உடல்தகுதிச் சோதனையான செகாக்கிலும் இந்த 3 நிமிட ஏற்ற இறக்கம் இருக்கிறது. தட்டு கேட்காத பிள்ளை பக்கத்தில் ஏறுபவனின் காலைப் பார்த்தே தன் காலை வைக்கும், அரைத் தட்டு பிந்தி. பிந்தியே போனால் உழைப்பு குறைந்து நாடி தணிந்திருக்கும், கெட்டிக்காரனாகத் தெரிவான். எட்டிப்பிடிக்க அவசரப்பட்டால் நாடி எகிறும், சோனி என்று பெயராகும். இரண்டு எண்ணுமே பொய். 20 மீட்டர் ஓட்டச் சோதனையை நடத்துவதும் 'பீப்' ஒலிதான். மூச்சை அளக்கும் ஸ்பைரோமீட்டரிலோ, "ஊது, ஊது, விடாதே" என்று பக்கத்தில் நின்று விரட்டும் குரல்தான் பாதி வேலையைச் செய்கிறது.

பேச்சே ஒரு மூச்சுப் பயிற்சி, பேசாத பிள்ளைக்கு அது குறையாதா என்று கேட்கலாம். பேசும் கேளாதோரிலும் பலருக்குக் காற்றைச் சிக்கனமாகச் செலவிட வருவதில்லை என்பது உண்மை. அது பழக்கக் குறை, பயிற்சியில் சரிசெய்யக்கூடியது. தகுதி குறைய இதைவிட வலுவான காரணம் உட்செவியில் இருக்கிறது. கேட்கும் உறுப்பும் உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பும் அங்கே ஒட்டியே இருப்பதால், இவர்களில் பலருக்குச் சமநிலையும் தடுமாறும். விழுந்த பிள்ளையை வீட்டார் ஓடவிடுவதில்லை. ஓடாததால் தகுதி நிஜமாகவே குறைகிறது. மறுபுறம், காது கேளாத மதுரை ஜெர்லின் அனிகா 2022இல் பிரேசிலில் நடந்த, கேளாதோருக்கான டெஃப்லிம்பிக்ஸ் பூப்பந்தில் 3 தங்கம் வென்றார். ஒரு வீராங்கனையை வைத்து வகுப்பையே எடைபோட முடியாதுதான். ஆனால் கேளாமையே மூச்சை அடைத்துவிடும் என்ற வாதம் அவர் முன்னால் நிற்காது.

ஒலிக்குப் பதில் விளக்கு வைத்துச் சோதித்தால் சலுகை ஆகிவிடாதா என்பார்கள். டெஃப்லிம்பிக்ஸ் ஓட்டங்களில் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பதில் விளக்குத்தான் எரிகிறது. அதனால் தூரம் குறைந்துவிடவில்லை. மெட்ரோனோமின் 96 தட்டையும் 96 மினுக்கலாக்கலாம். சில ஸ்பைரோமீட்டர்களில் திரையில் மெழுகுவத்திகள் எரியும். பிள்ளை ஊத ஊத ஒவ்வொன்றாக அணையும். குழந்தைகளுக்காக ஏற்கெனவே இருக்கும் வசதிதான் அது.