நவீன உத்தியோகத்தினின்று கிராமம் திரும்புவோரும் ஊரார் கடமையும்

கணினி, விஞ்ஞானம் முதலிய துறைகளில் பல வருஷம் உழைத்துப் பொருளீட்டியபின், பிதுரார்ஜித நிலத்தைத் தாமே பயிரிட வேண்டுமென்னும் ஆவலுடன் ஊர் திரும்புவோர் இக்காலத்தில் உளர். உத்திரமேரூர் போன்ற ஏரிப்பாசனப் பகுதிகளில் இவர்கள் அடையும் சங்கடம் பெரும்பாலும் பணக்குறைவால் நேர்வதன்று. நகரத்தில் யந்திரம் பழுதாயின் செய்தி அனுப்பிய மாத்திரத்தில் ஆள் வருவான். இங்கோ மடைமுறையும், வரப்பு வழக்கும், நடவாட்கள் கிடைக்கும் நாளும் முகமறிந்து பேசியே அறியத்தக்கவை. இது கைவராதவர் சிலர் இரண்டொரு போகத்தில் மனந்தளர்ந்து நிலத்தைத் தரிசாக விடுகின்றனர். அங்ஙனம் விடின், வாய்க்கால் மராமத்துக்கு ஒரு பங்கு குறைந்து, பக்கத்து வயலுக்கும் ஹானி விளைகிறது.

குத்தம்பாக்கம் தரும் படிப்பினை

பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்ததும், இப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளதுமான குத்தம்பாக்கத்தில் பிறந்த ஸ்ரீ ஆர். இளங்கோ, ரசாயனப் பொறியியல் கற்றவர். ஆயில் இந்தியா ஸ்தாபனத்திலும், பின்னர் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திலும் பணியாற்றி, 1994-ம் வருஷம் உத்தியோகத்தைத் துறந்து ஊர் திரும்பினார். 1996-ல் பஞ்சாயத்துத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவர் தம் கல்வியைக் கைவிட்டாரல்லர். ஊரின் கைப்பொருளுக்கேற்ப அதனை மாற்றிக்கொண்டார். கல் மெருகிடும் ஆலைகள் கழித்த கருங்கற்களைச் சாக்கடைக்குப் பயன்படுத்தினார். அழுத்திய மண்கட்டிகளால் வீடுகள் எழுப்பினார். ஆதிதிராவிடரும் மற்றையோரும் ஒரே சுவரின் இருபுறமும் வாழும் இரட்டை வீடுகளை அமைத்தார். எனினும் சாக்கடை வேலையில் அங்கீகரித்த மதிப்பீட்டினின்று விலகியமை பற்றிப் பதவியினின்று நிறுத்தப்பட்டார். கிராம சபையாரின் ஆதரவு பெற்று மீண்டும் அப்பதவியில் அமர்ந்தார். சிக்கனமான புதுமுறையாயினும் அதனை ஏட்டிலும் முறைப்படி பதிவு செய்தல் அவசியமென்பதும், ஊரார் நம்பிக்கையே கடைசித் துணையென்பதும் இதனால் விளங்கும்.

தென்காசி ஜில்லா மத்தளம்பாறையில் வாசஞ்செய்யும் ஜோஹோ ஸ்தாபகர் ஸ்ரீ ஸ்ரீதர் வேம்புவைப்போல், கிராமத்திலிருந்தே கணினித் தொழிலை நடத்துவோரும் உளர். ஆகவே கம்பித் தொடர்பு ஒன்றே பிரச்சினையன்று. அயலாரோடு கொள்ளும் தொடர்பே பிரதானம்.

உத்திரமேரூர் முன்மாதிரி

முதற்பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921-ம் ஆண்டுகளின் கல்வெட்டுகள், குடவோலை முறையால் வாரியப் பெருமக்களைத் தேர்ந்தெடுத்ததைக் கூறுகின்றன. ஏரி வாரியத்திற்கு அறுவர் நியமிக்கப்பட்டனர். வாரியஞ்செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் குடவோலைக்கு அருகரல்லர். நீரும் கணக்கும் ஊர்ப்பொது என்னும் இக்கொள்கையே புதிதாக வருவோர் முதலிற் கற்கத்தக்கது.

திரும்பி வருவோர் கவனிக்கற்பாலன

1. முதல் வருஷத்தில் நிலம் முழுவதையும் மாற்ற முயலாது, கால் ஏக்கரில் மட்டும் புதுமுறையைச் சோதித்தல் வேண்டும்.

2. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே மடகு, கலிங்கு, வரத்துக்கால் ஆகியவற்றை நீர்க்கட்டியுடன் நடந்து பார்த்தல் வேண்டும். ஏரியின் நீர்நிலை கண்டே நவரைக்குப் பரப்பை நிச்சயித்தல் நலம்.

3. கைபேசியால் இயக்கும் மோட்டார் முதலியவற்றை, உள்ளூர்க் கம்மியர் பழுதுபார்க்கக்கூடிய அளவில் வாங்குதல் வேண்டும். மின்சாரமோ தொடர்போ அற்றவேளையில் கையால் இயக்கும் வழியும் இருத்தல் வேண்டும்.

4. கிராம சபைக் கூட்டங்களுக்குத் தவறாது சென்று, முதலிற் கேட்டுப் பின் பேசுதல் சிறந்தது.

நிலவுடைமையாளரும் அதிகாரிகளும் செய்யத்தக்கன

கிராம நிர்வாக அலுவலர் பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம் ஆகியவற்றை நிலத்திலேயே விளக்கிக் காட்டின் பல வழக்குகள் முளையிலேயே அற்றுப்போம். அனுபவமுள்ள குடியானவர்கள் புதியவரை ஏளனஞ் செய்யாது, மராமத்துப் பங்கையும் முறைநீரையும் அவருக்கும் வரையறுத்துச் சொல்லல் வேண்டும். அவர் கற்ற அளவைக்கலையை ஏரியின் வண்டலைக் கணக்கிடவும், மழையளவைக் குறித்துவைக்கவும், பாசனச் சங்கத்தின் வரவுசெலவை எழுதவும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

வந்தவர் ஊரைக் கற்பதும், ஊரார் வந்தவரின் கல்வியைப் பயன்கொள்வதும் ஒருங்கே நடைபெறின், தரிசாகவிருந்த நிலம் மீண்டும் சம்பா விளையும். வாய்க்கால் மராமத்துக்கு ஒரு கையும் கூடும்.