மட்டக்குளித் தகரக் கூரையும் செய்மதியின் வெப்பக் கணக்கும்

மார்ச் மாதத்து நண்பகலில் மட்டக்குளித் தோட்டங்களில் "தகரம் கொதிக்குது" என்பது வழக்கமான பேச்சு. அன்றைக்கு வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிப்பதோ 32, 33 பாகை செல்சியஸ்தான். இரண்டிலும் பொய்யில்லை. நிழல் தரும் வெள்ளைப் பெட்டிக்குள் வெப்பமானியை வைத்துத் திணைக்களம் அளப்பது காற்றின் வெப்பநிலை. கூரை, தார் வீதி, கடற்கரை மணல் ஆகியவற்றின் மேற்பரப்பு வெப்பநிலை வேறு. செய்மதிப் படத்திலிருந்து மதிப்பிடப்படுவது இந்த இரண்டாவதுதான்.

அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைத் தொடாமலே, கையை அருகில் கொண்டுபோனால் சூடு தெரிகிறதல்லவா? ஒவ்வொரு பொருளும் தன் சூட்டுக்கு ஏற்பக் கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக்கீழ்க் கதிர்களை வெளிவிடுகிறது. 2013 பெப்ரவரியில் ஏவப்பட்ட லான்ட்சாற் 8 செய்மதி, 705 கிலோமீற்றர் உயரத்திலிருந்து அக்கதிர்களைப் பதிவு செய்கிறது. அந்தப் பதிவைப் பிளாங்கின் விதிப்படி கெல்வினாக மாற்றி, 273.15ஐக் கழித்தால் செல்சியஸ் கிடைக்கும்.

அத்தோடு வேலை முடியாது. இரண்டு திருத்தங்கள் வேண்டும். முதலாவது காற்றுக்கானது. கொழும்பு போன்ற கடலோர நகரில் காற்றிலுள்ள நீராவி, தரையிலிருந்து புறப்படும் கதிரில் ஒரு பங்கை விழுங்கிவிடும். முகில் மூடினால் தரையே தெரியாது. தென்மேல் பருவக்காற்றுக் காலப் படங்களில் பல பயன்படாமற் போவது இதனால்தான்.

இரண்டாவது திருத்தம் பொருளுக்கானது. ஒரே சூட்டில் இருந்தாலும் எல்லாப் பொருளும் ஒரே அளவு கதிரை வெளிவிடுவதில்லை. முழுமையாக வெளிவிடுவதை 1 என்று கொண்டால், நீரும் அடர்ந்த இலைகளும் 0.98 அளவில் நிற்கும். பளபளக்கும் புதுத் தகரம் 0.3ஐக்கூட எட்டாது. துருவேறினாலோ பெயின்ற் பூசினாலோ அது கூடும். பல ஆய்வுமுறைகளில் இந்த எண்ணைப் பச்சையின் அளவைப் பார்த்தே தீர்மானிக்கிறார்கள். மரமில்லாத இடத்துக்கு மண்ணுக்கோ கொங்கிறீற்றுக்கோ உரிய எண் போய்விடும். அப்போது உள்ளே ஆட்களை வேகவைக்கும் புதுத் தகரக் கூரை, வரைபடத்தில் குளிர்ந்த இடம்போலக் காட்டும்.

இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். லான்ட்சாற் 8இன் வெப்பக் கருவிக்கு 100 மீற்றர் சதுரம் ஒரு புள்ளி. ஏறத்தாழ 395 பேர்ச். அந்தப் பரப்புக்குள் நெருங்கிக் கிடக்கும் வீடுகளும், ஒழுங்கையும், களனி கங்கைக் கரையும் கலந்து ஒரே எண்ணாகிவிடும். அடுத்தது நேரம். 16 நாட்களுக்கு ஒருமுறை, முற்பகல் 10.30 அளவில், நம்மவர் ளுஹாத் தொழும் வேளையில் அது கொழும்பைக் கடக்கிறது. மஃரிபுக்குப் பிறகும் சுவரில் தேங்கி நிற்கும் சூடு அந்தப் படத்தில் இருக்காது.

இதனால் செய்மதிக் கணக்கு வீண் என்றாகாது. ரணகலகேயும் சகாக்களும் 1997 முதல் 2017 வரையான லான்ட்சாற் படங்களைக் கொண்டு கொழும்புப் பெருநகரை ஆராய்ந்தார்கள். பச்சை குறைந்து கட்டடம் பெருகிய இடங்களில் மேற்பரப்புச் சூடு கூடியதை அவ்வாய்வு காட்டியது. ஒரு நகரம் முழுவதையும் இருபது ஆண்டுகளுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழி அரிது. படங்களும் 2008 முதல் யாவருக்கும் இலவசம்.

ஆனால் எங்கே மரம் நடுவது, யாருடைய கூரையை மாற்றிக் கொடுப்பது என்று அந்த வரைபடத்தை வைத்து முடிவெடுக்க வந்தால், எத்தனை மணிப் படம், எவ்வளவு பெரிய புள்ளி, கூரைக்கு எந்த எண் என்ற மூன்றையும் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் தகரத்தின் கீழ் இருப்பவர்களே பட்டியலில் விடுபடுவார்கள். பள்ளிவாசல் நிர்வாகமோ பாடசாலை விஞ்ஞானக் கழகமோ சில வீடுகளில் வெப்பமானி தொங்கவிட்டு, முற்பகல் 10.30க்கும் இஷாவுக்குப் பிறகும் குறித்து வரலாம். வானத்துக் கணக்கோடு வீட்டுக் கணக்கையும் வைத்துப் பார்த்தால்தான் ஊரின் சூடு சரியாக விளங்கும்.