பத்தடிக் காம்பராவும் படம் தீட்டும் யந்திரமும்

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது நம் முன்னோர் வாக்கு. மலையகத் தோட்டங்களில் வாழும் குடும்பங்களுக்கு இப்பழமொழியின் பொருளை எவரும் விளக்கிக் கூற வேண்டியதில்லை. பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் கொண்ட ஒரு காம்பரா, முன்னே ஓர் இஸ்தோப்பு, மேலே தகரக் கூரை: கோப்பிக் காலத்தில் தோன்றிய இவ்வமைப்பு, 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட பின்னரும் மாறவில்லை. மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை 2023ஆம் ஆண்டில் நினைவு கூர்ந்தோம். இன்றும் பல்லாயிரம் குடும்பங்கள் லயங்களிலேயே வாழ்கின்றன.

இத்தகைய காம்பராக்களுக்குள் இப்பொழுது புதிய விருந்தாளி ஒன்று நுழைந்திருக்கிறது. அதுவே செயற்கை நுண்ணறிவு. அறையைக் கைத்தொலைபேசியிற் படம் பிடித்து, சட்ஜிபிடி, ஜெமினி முதலிய கருவிகளிடம் கொடுத்து, "இதனை அழகுபடுத்திக் காட்டு" என்று தமிழிலேயே கேட்டால், சிறிது நேரத்தில் புதுக்கோலம் பூண்ட அறை திரையில் தோன்றுகிறது. அட்டன், நுவரெலியாப் பகுதி மாணவர் சிலர் இவ்வாறு பெற்ற படங்களை நமக்குக் காட்டியதுண்டு. அவை கண்ணைக் கவர்வன என்பதில் ஐயமில்லை. ஆயினும், படத்திலுள்ள அறையில் அம்மாவின் கொழுந்துக் கூடைக்கும் நனைந்த படங்குக்கும் இடமில்லை. ஐந்து பேர் பாய் விரிக்கவும் இடமில்லை.

யந்திரம் எங்ஙனம் தீட்டுகிறது?

இவ்யந்திரங்கள் நம் அறையைக் கண்டு சிந்திப்பன அல்ல. உலகெங்கும் இணையத்தில் இட்ட படங்களையும் அவற்றின் விளக்கச் சொற்களையும் கோடிக்கணக்கிற் பயின்று, எந்தச் சொல்லுக்கு எவ்வுருவம் பொருந்தும் என்று பழகியவை. 2022ஆம் ஆண்டு வெளியான 'ஸ்டேபிள் டிஃப்யூஷன்' என்பதைப் பயிற்றுவிக்கப் பயன்பட்ட படத்திரட்டில் ஏறத்தாழ 585 கோடிப் படங்கள் இருந்தன. அவற்றின் பகுதிகளே பயிற்சிக்கு எடுக்கப்பட்டன. புள்ளிகள் இறைந்த மங்கலான பரப்பிலிருந்து தொடங்கி, படிப்படியாகக் குழப்பத்தை நீக்கி உருவத்தை வெளிக்கொணர்வதே அதன் முறை.

அத்திரட்டுக்களில் பிற நாட்டுச் செல்வர் இல்லங்கள் மலிந்திருக்கும். லயத்துக் காம்பராக்கள் மிக அரிதாகவே இருக்கும். ஆகவே 'அழகான அறை' என்றதும் யந்திரம் அகன்ற சாளரத்தையும் மெத்தை நாற்காலியையும் தீட்டிவிடுகிறது. சுவரையே சிறிது தள்ளி வைத்து அறையைப் பெரிதாக்குவதும் உண்டு! படத்தில் சுவரை நகர்த்தச் செலவில்லை. லயத்திலோ அச்சுவர் அயல்வீட்டாருக்கும் சுவர், கூரையும் பொதுக்கூரை, கட்டடமோ தோட்ட நிர்வாகத்தின் உடைமை.

அளந்தபின் கேளுங்கள்

எனினும், இக்கருவியால் பயனே இல்லை எனல் தவறு. கேட்கும் முறையை அறிந்தால் அது நல்ல துணையே. முதலில் நாடாவைக் கொண்டு அறையை அளத்தல் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் பரப்பு 120 சதுர அடி. ஆறடிக்கு நான்கடிக் கட்டில் ஒன்றே 24 சதுர அடியை, அதாவது ஐந்தில் ஒரு பங்கை, விழுங்கிவிடும். சுவரிற் கீல் பொருத்தி மடக்கும் இரண்டடிக்கு ஒன்றரை அடிப் பலகையோ, விரித்தபொழுதும் 3 சதுர அடியே கொள்ளும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு அதுவே மேசை.

பின்னர், "அறை 120 சதுர அடி, ஐவர் உறங்க வேண்டும், சாளரம் ஒன்று, சுவரை இடிக்கலாகாது, மழையும் மூடுபனியும் மிகுந்த குளிர்ப் பிரதேசம், ஒருவர் இரவிற் படிக்க ஓர் இடம் வேண்டும், இருக்கும் சாமான்களையே இடம் மாற்றிக் காட்டு" என்று திட்டமாகக் கேளுங்கள். கட்டளை எத்துணைத் திட்டமாக உள்ளதோ, விடையும் அத்துணைப் பயனுடையதாகும்.

விடை வந்த பின்னர் அதனை நம் அனுபவத்தால் உரைத்துப் பார்த்தல் வேண்டும். கருஞ்சாம்பல் வர்ணம் திரையில் நாகரிகமாகத் தோன்றும். ஒற்றைச் சாளர அறையை அது இருட்டறையாக்கும். கல்லும் சாந்துமாய் எழுப்பிய பழஞ்சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பே உகந்தது. அது ஒளியைத் திருப்பித் தருவதோடு சுவரின் ஈரம் வெளியேறவும் இடமளிக்கும். அலுமாரியைச் சுவரோடு ஒட்டாது சில அங்குலம் தள்ளி வைத்தால் காற்று உலவும், பூஞ்சணம் குறையும். மின்விளக்குகளைத் தொங்கவிடச் சொல்லும் யோசனையில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். பழைய மின்கம்பியில் பற்றிய தீ ஒரு காம்பராவோடு நில்லாது முழு லயத்தையும் எரித்த செய்திகளை நாம் பன்முறை படித்திருக்கிறோம். இதற்கு மின்வேலை தெரிந்தவரின் சொல்லே பிரமாணம். யந்திரத்தின் சொல் அன்று.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. நாம் அனுப்பும் படம் அந்நிய நாட்டுக் கம்பெனியின் கணினிக்குச் செல்கிறது. ஆதலால் பிள்ளைகளும், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் போன்றவையும் படத்தில் விழாதவாறு பார்த்துக்கொள்ளுதல் நன்று.

நாளைய வீடு

2017ஆம் ஆண்டு மே மாதம் நோர்வூட்டில் உரையாற்றிய இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, முன்னைய 4,000 வீடுகளுக்கு மேலாக மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 4,000 வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலமும், சுமார் 550 சதுர அடி வீடும் உரியன. காம்பராவைப் போல் நாலரை மடங்குக்கும் சற்று மேற்பட்ட அவ்விடத்துக்காக இன்னும் எத்தனையோ குடும்பங்கள் காத்திருக்கின்றன. அவ்வீட்டையும் நிலவுரிமையையும் எந்த யந்திரமும் வழங்காது; அவை அரசும் சமூகமும் நிறைவேற்ற வேண்டிய கடமை.

ஆயினும் அதுவரை நம் பிள்ளைகள் இருளிற் படிக்க வேண்டுமென்பதில்லை. இந்த ஞாயிறே வீட்டிலுள்ள மாணவரின் கையில் அளவு நாடாவைக் கொடுங்கள். அம்மாவுக்கு எது கைக்கெட்ட வேண்டும், தாத்தா எங்கே படுப்பார் என்று அவர்களைக் கேட்டு எழுதச் செய்யுங்கள். அதன் பின்னர் யந்திரத்திடம் யோசனை கேட்கலாம். முடிவு மட்டும் அந்தக் காம்பராவில் வாழ்வோருடையதாக இருக்கட்டும்.