மாட்டை விட்ட வீட்டில் கோழியின் கணக்கு

2020 செப்டெம்பர் இறுதியில் இலங்கை அமைச்சரவை மாடறுப்பைத் தடைசெய்யக் கொள்கையளவில் இணங்கியது. மாட்டிறைச்சி உண்பவர்களுக்காக அதை வெளிநாட்டிலிருந்து தருவித்துச் சலுகை விலையில் கொடுப்பதும் அதே முடிவின் பகுதி. மாடு சாகலாம், இங்கே சாகக்கூடாது என்பதுதான் அதன் சாரம். கோயில் பலியிலும் இதே போக்குத்தான். 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் ஆலயங்களில் மிருக பலிக்குத் தடை விதித்தது. மறு ஆண்டு அமைச்சரவையும் அதற்குத் தடைச் சட்டம் கொண்டுவர இசைந்தது. கண்ணுக்குத் தெரியும் கத்திக்கு நீதிமன்றமும் அமைச்சரவையும் ஓடிவருகின்றன. சென்ற வாரம் எழுப்பிய கேள்வி, ஒரு குடும்பம் உயிர்களுக்காகத் தன் சாப்பாட்டை மாற்ற நினைத்தால் எங்கே தொடங்குவது என்பது. இந்தக் கத்திக்கு அப்பால் பார்க்காமல் அதற்குப் பதில் கிடைக்காது.

மலையகத்தின் பூண்டுலோயாவை எடுத்துக்கொள்வோம். டன்சினன், ஷீன், ஹரோ என்று சுற்றியுள்ள தோட்டங்களின் இந்துக் குடும்பங்கள் பலவற்றில் மாட்டிறைச்சி அடுப்பேறுவதில்லை. ஆடு விலைக்கு எட்டாது, திருவிழாவோடு சரி. ஆகவே ‘கறி’ என்றால் கோழி. அதுவும் முற்றத்தில் மேய்ந்த கோழியல்ல, பண்ணையிலிருந்து வரும் புறொய்லர். வார நாட்களில் ரொட்டி, சம்பல், பருப்பு, ஒரு துண்டுக் கருவாடு. ஞாயிற்றுக்கிழமையில் கோழி, இடையில் முட்டை. மாட்டைத் தொடாத வீடு என்பதால் உயிர்க்கொலையிலிருந்து பெரும்பாலும் விலகி நிற்கிறோம் என்ற நிம்மதி இங்கே இருக்கிறது. அந்த நிம்மதிக்குக் கணக்கு இடம் கொடுக்கவில்லை.

கணக்கு இதுதான். நாட்டு மாடு ஒன்றில் சுமார் 100 கிலோ இறைச்சி கிடைக்கும் என்று வைப்போம். உரித்த புறொய்லர் சுமார் ஒன்றரைக் கிலோ. ஒரு மாட்டின் இடத்தை நிரப்ப அறுபதுக்கும் மேற்பட்ட கோழிகள் வேண்டும். எண்ணிக்கையை விடுங்கள், வாழ்ந்த வாழ்க்கையைப் பாருங்கள். நான்கு வயதில் அறுக்கப்படும் மாட்டின் ஆயுளை இறைச்சியின் எடைக்குப் பங்கிட்டால், 100 கிராமுக்கு ஏறக்குறைய 35 மணி நேரம் விழும். அதில் பெரும்பகுதி புல்வெளியிலும் வீதியோரத்திலும் கழிந்தது. புறொய்லர் சுமார் 40 நாட்கள் வாழ்கிறது. அதே 100 கிராமுக்கு 64 மணி நேரம். அத்தனையும் நெரிசலான கொட்டகைக்குள், கால்கள் தாங்காத வேகத்தில் ஏறும் உடலோடு. முட்டைக்கும் இப்படிப் பார்க்கலாம். ஆண்டுக்கு 300 முட்டையிடும் கோழி ஒவ்வொரு முட்டைக்கும் 29 மணி நேரம் கொடுக்கிறது. கூண்டு முறையில் வளர்க்கும் பண்ணைகளில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஒரு ஏ4 தாளின் அளவுகூட வராது. சிறகை விரிக்கவும் மண்ணில் புரளவும் முட்டையிட மறைவு தேடவும் அங்கே வழியில்லை. முட்டையினக் கோழிகளின் ஆண் குஞ்சுகள் எதற்கும் பயன்படாதவை. பொரித்த நாளிலேயே அவற்றைக் கொன்றுவிடுவது உலகின் பெரும்பாலான நாடுகளில் தொழிலின் வழக்கம். ஐரோப்பிய ஒன்றியம் பழைய வகைக் கூண்டுகளை 2012இல் தடைசெய்தது. ஜேர்மனி குஞ்சுக் கொலையை 2022இல் நிறுத்தியது. நமது மிருகவதைக்கு எதிரான கட்டளைச் சட்டமோ 1907ஆம் ஆண்டுக்குரியது.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் மாட்டையே சாப்பிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். எண்களை மட்டும் வைத்தால் அந்தக் கேள்விக்கு இடமிருக்கிறது, மறுக்கமாட்டேன். ஆனால் மாட்டுக்கு மாற்றாகக் கோழி என்று நாமே எழுதிவைத்த வரிசைதான் பிழை. மாட்டுக்கு மாற்று பருப்பும் கடலையும் கௌப்பியும் சோயா மீட்டும் என்று வைத்தால் இந்தப் பேரமே தேவைப்படாது. நெத்தலியை இந்தக் கணக்கில் சேர்த்தால் தலைகளின் எண்ணிக்கை எங்கோ போய்விடும். எனினும் அது வலையில் விழும் நாள்வரை கடலில் வாழ்ந்தது. கூண்டின் துயரத்தோடு அதை ஒரே தராசில் வைக்க நான் தயாரில்லை.

வாழும் விலங்கின் துயரத்தைக் கேள்வியாக்கியவர் ஒருவரின் பெயர் இங்கேயே இருக்கிறது. டன்சினனில் இந்திய உதவியோடு கட்டப்பட்ட 404 வீடுகளுக்கு மகாத்மா காந்திபுரம் என்று பெயர். 2018 ஓகஸ்டில் அவை கையளிக்கப்பட்டன. அந்தப் பெயருக்குரியவர் 1912இல் தென்னாபிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது பாலை விட்டார். கல்கத்தாவில் பால்காரர்கள் பசுக்களையும் எருமைகளையும் வதைப்பது பற்றிப் படித்தது அதற்கு ஒரு காரணம். விலங்கை வெட்டுகிறோமா என்பதோடு நில்லாமல், உயிரோடிருக்கையில் அதை என்ன செய்கிறோம் என்றும் கேட்டார். பின்னாளில் கடும் நோயில் விழுந்தபோது ஆட்டுப்பால் குடிக்கச் சம்மதித்தார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். உடல் கேட்டபோது விரதம் விட்டுக்கொடுத்தது.

மலையகத்தில் இந்தப் பேச்சுக்கு எழும் மிகப் பலமான மறுப்பும் உடலைப் பற்றியதுதான். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அது 32 சதவீதம். 2022இல் விலைவாசி ஏறியபோது முட்டையே எட்டாப் பொருளாயிற்று. இப்படிப்பட்ட இடத்தில் போய் முட்டையை விடு என்பது கொழும்பில் வயிறு நிறைந்தவர்களின் பேச்சு என்பார்கள். சரிதான். பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் வைக்கும் முட்டையில் யாரும் கைவைக்கக் கூடாது. ஆனால் அந்த நியாயத்தை வளர்ந்த ஆணின் தட்டிலுள்ள மூன்றாவது கோழித் துண்டுக்கு இரவல் கொடுக்க முடியாது. பல வீடுகளில் அந்தத் துண்டு போகும் இடம் எதுவென்று வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்.

மாற்றத்துக்கு மிக எளிய இடம் வீட்டு அடுப்புகூட அல்ல, விசேஷப் பந்தி. 300 பேருக்கு ஆளுக்கு 150 கிராம் கோழி என்றால் 45 கிலோ, அதாவது முப்பது கோழிகள். ஒரு சடங்கு வீட்டில் ஒரே பகலில் அது முடிந்துவிடும். கறி போடாத வீடு என்று ஊர் பேசும் என்பது அடுத்த மறுப்பு. ஆனால் இதே ஊர்தான் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதும் கவிச்சியை நிறுத்துகிறது. லயம் முழுதும் ஒன்றாக நிறுத்துவதால் ஒருவரையும் ஊர் பேசுவதில்லை. ஆகவே முடியாது என்பது உண்மையல்ல. தனியாக முடியாது, சேர்ந்து முடியும். மாதர் சங்கமோ கோயில் கமிட்டியோ விசேஷங்களுக்கு மரக்கறிப் பந்தி என்று ஒருமுறை முடிவெடுத்தால், கடன் வாங்கிக் கறி போடும் வீடுகள்தான் முதலில் மூச்சுவிடும்.

நாட்டுக்கோழி வளர்க்கலாமே என்பது அடிக்கடி வரும் யோசனை. காந்திபுரம் போல 7 பேர்ச் காணி உள்ள வீட்டில் நான்கைந்து கோழிகள் திரியலாம், பிள்ளைகளின் முட்டைக்கு அது போதும். லயக்காம்பிராவில் இருப்பவருக்கு இதைச் சொல்வது வீண். ஆகவே கோழியைப் பற்றிய பேச்சு காணியைப் பற்றிய பேச்சாகவும் மாறிவிடுகிறது.

பாலின் கணக்கை மட்டும் இன்னும் தொடவில்லை. நாளுக்குப் பத்து லீற்றர் கறக்கும் பசு, ஒரு லீற்றருக்கு இரண்டரை மணி நேரத்துக்கும் குறைவாகவே தன் வாழ்வைக் கொடுக்கிறது. பால் வற்றிய மாதங்களைச் சேர்த்தாலும் முட்டைக்கு அருகில்கூட வராது. கணக்கில் இது மிக லேசானது. ஆனால் லயத்துக்குப் பின்னாலுள்ள மாட்டுக்கொட்டிலில் பிறக்கும் காளைக்கன்று எங்கே போகிறது, மாட்டிறைச்சி தின்னாத வீடு அதை யாருக்கு விற்கிறது என்பது இந்தக் கணக்கில் வராத பகுதி. அடுத்த வாரம் அதைப் பார்ப்போம்.