சட்டைப் பைக்குள் நெருப்பு!

மாலை 6 மணி. கடற்கரையில் இருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரெயில். உட்கார இடம் இல்லை. நிற்கவும் இடம் இல்லை.

கதவு ஓரத்தில் ஒரு வாலிபர் நிற்கிறார். கையில் செல்போன். அதில் இருந்து ஒரு வயர் கால்சட்டைப் பைக்குள் போகிறது. பைக்குள் இருப்பது "பவர் பேங்க்". அது செல்போனுக்கு மின்சாரம் கொடுக்கிறது. மின்சாரம் ஏற ஏற வாலிபர் சினிமா பார்க்கிறார்.

கிண்டி தாண்டியதும் பை சுடுகிறது. பவர் பேங்கை எடுத்து மற்ற பையில் போட்டுக்கொள்கிறார். சினிமா நிற்கவில்லை.

இப்படிப்பட்ட வாலிபர்கள் ஒவ்வொரு பெட்டியிலும் இருக்கிறார்கள். "சின்ன பேட்டரிதானே, என்ன செய்துவிடும்?" என்பது அவர்கள் எண்ணம்.

என்ன செய்யும் என்று பார்ப்போம்.

வோல்ட் என்றால் என்ன?

அந்த ரெயில் தலைக்கு மேலே உள்ள கம்பியில் இருந்து மின்சாரம் எடுத்து ஓடுகிறது. 1931-ம் ஆண்டு இந்தப் பாதையில் மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது. அப்போது கம்பியில் இருந்தது 1,500 வோல்ட். 1967-ல் அது 25,000 வோல்ட்டாக மாற்றப்பட்டது. வீட்டுக்கு வருவது 230 வோல்ட். செல்போன் பேட்டரியில் இருப்பதோ சுமார் 3.7 வோல்ட்.

வோல்ட் என்பது மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியின் உயரம் போன்றது. குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறதோ அது ஆம்பியர். (புறநகர்வாசிகளுக்குத் தொட்டியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டாம். லாரி வராத நாளில் அண்ணாந்து பார்த்துப் பழகியவர்கள்!)

3.7 வோல்ட்டைத் தொட்டால் "ஷாக்" அடிக்காது. அது உண்மை. ஆனால் ஷாக் அடிக்காத மின்சாரமும் சுடும். உள்ளே இரண்டு முனைகள் தவறிப்போய் ஒன்றோடு ஒன்று தொட்டுவிட்டால், ஏராளமான ஆம்பியர் ஒரே நொடியில் பாயும். அதுதான் தீ.

உள்ளே இருப்பது என்ன?

இந்த பேட்டரிக்கு "லித்தியம் அயன் பேட்டரி" என்று பெயர். 1991-ல் ஜப்பானின் சோனி கம்பெனி இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதை உருவாக்கிய விஞ்ஞானிகள் மூவருக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களில் ஒருவரான குட்இனஃப் அவர்களுக்கு அப்போது வயது 97. நோபல் பரிசு பெற்றவர்களிலேயே மிகவும் வயதானவர் அவர்தான்.

பேட்டரிக்குள் இரண்டு மெல்லிய தகடுகள் இருக்கின்றன. நடுவே காகிதம் போல ஒரு பிளாஸ்டிக் திரை. சுற்றிலும் எளிதில் தீப்பிடிக்கும் திரவம். அந்தத் திரை கிழிந்தால் போதும். சூடு ஏறும். அந்தச் சூடே மேலும் சூட்டை உண்டாக்கும். பிறகு நிறுத்த முடியாது.

கீழே விழுந்து நசுங்கினாலும் திரை கிழியலாம். அளவுக்கு மீறி மின்சாரம் ஏற்றினாலும் கெடலாம். சித்திரை வெயிலில் ரெயில் நிலைய வண்டி நிறுத்தத்தில் விட்டுப்போன ஸ்கூட்டரின் பெட்டிக்குள் கிடந்தாலும் கெடலாம்.

புகைக்கும் பேட்டரி

இதே பேட்டரியை வாயில் வைத்துக்கொள்ளும் கூட்டமும் இருக்கிறது! அதுதான் மின்சார சிகரெட். சீனாவைச் சேர்ந்த ஹான் லிக் என்ற மருந்தாளர் 2003-ல் இதை உருவாக்கினார்.

ஒரு பேட்டரி. ஒரு கம்பிச் சுருள். நிக்கோட்டின் கலந்த திரவம். சுருள் சூடானதும் திரவம் ஆவியாகும். அதை உறிஞ்சுகிறார்கள்.

ஆவி அதிகம் வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் வோல்ட்டைக் கூட்டினார்கள். ஒன்றுக்கு இரண்டு பேட்டரியை வரிசையாக மாட்டினார்கள். 3.7 வோல்ட் 7.4 வோல்ட் ஆயிற்று. வோல்ட் இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்கு ஆகும் என்று நினைக்கக் கூடாது. நான்கு மடங்கு ஆகும்! ஒரே சுருளில் 5.5 வாட் இருந்த இடத்தில் 22 வாட்.

இன்னொரு வகை, வயரைச் சொருகியபடியே உறிஞ்சுவது. கம்ப்யூட்டரில் உள்ள சாதாரண யு.எஸ்.பி. துளை 5 வோல்ட்டில் அரை ஆம்பியர் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது. இந்தக் கருவியின் சுருளோ 2 ஆம்பியர் கேட்கும். ஒரு மாடு இழுக்கும் வண்டியில் நான்கு வண்டிப் பாரத்தை ஏற்றினால் என்ன ஆகும்? நல்ல கம்ப்யூட்டர் என்றால் மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளும். மட்டமான சார்ஜர் என்றால் உருகும்.

அமெரிக்காவில் கணக்கு எடுத்தார்கள். 2009 முதல் 2016 வரை மின்சார சிகரெட் தீப்பிடித்த, வெடித்த சம்பவங்கள் 195. காயம் அடைந்தவர்கள் 133 பேர். இதில் 61 சம்பவங்கள் சட்டை, கால்சட்டைப் பைக்குள் நடந்தவை! சார்ஜ் ஏறும்போது நடந்தவை 48. பிறகு 2018-ல் புளோரிடாவில் ஒருவர் உயிரே இழந்தார்.

"எந்தக் கருவி நல்லது?" என்று கேட்கும் வாலிபர்களுக்குப் பதில் சுலபம். எதுவும் வாங்க முடியாது. தமிழக அரசு 2018 செப்டம்பரில் தடை விதித்தது. 2019 செப்டம்பர் 18-ந் தேதி மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டது. டிசம்பரில் அது முழுச் சட்டம் ஆயிற்று. தயாரித்தாலோ, இறக்குமதி செய்தாலோ, விற்றாலோ முதல் தடவை ஒரு ஆண்டு வரை ஜெயில், அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சரக்காகச் சேர்த்து வைத்திருந்தாலும் தண்டனை உண்டு. வெளிநாட்டு மாமா மீனம்பாக்கத்தில் வந்து இறங்கும்போது பெட்டியில் கொண்டுவரக் கூடாது.

வேலூரில் நடந்தது

ஆனால் தடை போட முடியாத பேட்டரிகள் வீடு முழுவதும் இருக்கின்றன. செல்போன், பவர் பேங்க், மின்சார ஸ்கூட்டர்.

2022 மார்ச் மாதம் வேலூரில் ஒரு வீட்டில் மின்சார ஸ்கூட்டரை இரவில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கினார்கள். ஸ்கூட்டர் தீப்பிடித்தது. தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள்.

ஸ்கூட்டர் வாசல் பக்கம் நின்று எரிந்தால், வெளியே ஓட வழி ஏது? குரோம்பேட்டை, செம்பாக்கம், மேடவாக்கம் அடுக்கு வீடுகளில் மாடிப்படிக்குக் கீழேதான் வண்டி நிற்கிறது. அங்கே சார்ஜ் போடாமல் இருப்பது நல்லது. போடத்தான் வேண்டும் என்றால் பகலில், ஆள் விழித்திருக்கும்போது போடவேண்டும்.

வாங்கும்போது

பவர் பேங்க், சார்ஜர் வாங்கும்போது இந்தியத் தர நிறுவனத்தின் முத்திரையைப் பாருங்கள். அதன் அருகே "ஆர்" என்ற ஆங்கில எழுத்தும் ஒரு பதிவு எண்ணும் இருக்கும். எண் இல்லாத சரக்கு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

ஒரு பக்கம் மின்சாரம் ஏறும்போதே மறுபக்கம் செல்போனுக்குக் கொடுப்பதற்கு எல்லா பவர் பேங்குகளும் ஏற்றவை அல்ல. பெட்டியில் அப்படி அச்சிட்டிருந்தால் மட்டும் செய்யலாம். ஏறுகிற சூடும் இறங்குகிற சூடும் ஒன்று சேரும் அல்லவா? தலையணைக்கு அடியில் வைத்தால் சூடு வெளியே போகவும் வழி இருக்காது.

விமானத்தில் பவர் பேங்கைக் கைப்பையில்தான் கொண்டுபோகலாம். கீழே சரக்கோடு போகும் பெட்டியில் வைக்கக் கூடாது. அங்கே புகைந்தால் பார்ப்பதற்கு ஆள் இல்லை.

பேட்டரி அப்பளம் போல உப்பிக்கொண்டால் அதன் ஆயுள் முடிந்தது. அழுத்தி மூடக் கூடாது. ஊசியால் குத்தவே கூடாது. பழுது பார்க்கும் கடையிலோ, பழைய மின்பொருட்களை வாங்கிக்கொள்ளும் இடத்திலோ கொடுத்துவிட வேண்டும்.

செல்போன் புகைந்தால் முதலில் சுவிட்சை அணையுங்கள். பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். கையால் எடுக்காதீர்கள். ஸ்கூட்டர் எரிந்தால் அணைக்க முயற்சி செய்யாதீர்கள். குழந்தைகளை வெளியே கூட்டிக்கொண்டு வந்து தீயணைப்புப் படைக்குப் போன் செய்யுங்கள். எண் 101.