தெளிந்த நீரும் நிறம் மாறும் மூலக்கூறும்

தருமபுரிப் பகுதியிலே நான் பங்குப்பணி ஆற்றிவந்த காலத்தில், மறைக்கல்வி வகுப்புக்கு வரும் சிறுவன் ஒருவன் சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொள்வான். அவன் பற்களில் பழுப்புநிறக் கறை. "எவ்வளவு தேய்த்தாலும் போகமாட்டேன் என்கிறது, சாமி" என்று அவன் தாய் வருந்தினார். அது அழுக்கன்று, அடிகுழாய் நீரில் கரைந்திருந்த புளூரைடின் வேலை என்றேன். "தண்ணீர் கண்ணாடிபோல இருக்கிறதே!" என்றார் அந்த அம்மாள்.

அவர் சொன்னது மெய்தான். புளூரைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. பாறைக் கனிமங்களிலிருந்து நிலத்தடி நீரில் அது கலக்கின்றது. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இதனால் விளைந்த நோயை மருத்துவர்கள் 1937-இல் எழுதி வெளியிட்டனர். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. மிகுந்தால் முதலில் பல்லும், ஆண்டுகள் செல்லச்செல்ல எலும்பும் மூட்டும் கெடும். காய்ச்சிக் குடிப்பதாலும் பயனில்லை. நீர் ஆவியாகக் குறையுமேயன்றிப் புளூரைடு குறையாது.

காணமுடியாத இதனைக் கண்ணுக்குக் காட்டவே வேதியியலார் புதிய மூலக்கூறுகளை வடித்து வருகின்றனர். உப்பு நீரில் கரையும்போது நேர்மின் கொண்ட சோடியம், எதிர்மின் கொண்ட குளோரைடு எனப் பிரிவதைப் பள்ளியில் பயின்றிருப்பீர்கள். புளூரைடும் குளோரைடைப் போன்ற எதிர்மின் அயனியே. நேர்மின் அயனியைத் தன்னகத்தே பற்றிக்கொள்ளும் வளைய மூலக்கூறுகளை அமெரிக்காவில் சார்லஸ் பெடர்சன் 1967-இல் அறிவித்தார். பின்னர் 1987-இல் வேறிருவருடன் நோபல் பரிசும் பெற்றார். எதிர்மின் அயனியாகிய குளோரைடைத் தன்னுள் அடக்கும் கூண்டு மூலக்கூறு 1968-இல் வெளிவந்தது. இவற்றை 'ஏற்பிகள்' என்பர்.

புளூரைடுக்கான ஏற்பிகள் பலவற்றில் நம் உழவர் வயலுக்கு இடும் யூரியாவின் அமைப்பே உள்ளது! யூரியாவில் நைட்ரஜனோடு இணைந்த ஹைட்ரஜன்கள் ஒரே பக்கம் நீட்டிய இரு விரல்களைப் போல நிற்கின்றன. அவ்விரு விரல்களுக்கிடையே புளூரைடு வந்து அமர்கின்றது. அவ்வமைப்போடு நிறந்தரும் பகுதியொன்றையும் இணைத்துவிட்டால், புளூரைடு அமர்ந்தவுடன் மூலக்கூறினுள் எலெக்ட்ரான்கள் இடம்பெயர்கின்றன, அது உட்கொள்ளும் ஒளி மாறுகின்றது, மஞ்சள் சிவப்பாகின்றது. புளூரைடு மிகுந்தாலோ, விருந்தாளி வீட்டுக்காரரின் பொருளையே எடுத்துச் செல்வதுபோல, அந்த ஹைட்ரஜனையே பறித்துக்கொள்வதும் உண்டு. இத்தாலியின் பவியா நகர ஆய்வாளர் இதனை 2004-இல் விளக்கிக் காட்டினர்.

இங்கே ஓர் இடர். இத்தகைய ஏற்பிகளிற் பல கரிமக் கரைப்பான்களிலேதான் நன்கு வேலை செய்கின்றன. நீரிலோ, நீர் மூலக்கூறுகளே புளூரைடை நெருக்கமாகச் சூழ்ந்துகொண்டு விடுவதில்லை. எந்த நீரைச் சோதிக்க வேண்டுமோ அந்த நீரே தடை! நீரிலும் தவறாது இயங்கும் ஏற்பியை உண்டாக்குவதே இத்துறையின் கடினமான பணி என்பேன். அதுவரையில் பழைய முறையொன்று நமக்குக் கைகொடுக்கின்றது. சிர்கோனியமும் அலிசரின் சாயமும் சேர்ந்த சிவந்த கரைசலில் சோதனை நீரை விட்டால், புளூரைடு சாயத்திடமிருந்து சிர்கோனியத்தைப் பிரித்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். சிவப்பு மங்கி மஞ்சளாகும்.

எங்கள் ஊர் அடிகுழாய் நீரை அம்முறையில்தான் ஒரு நாள் சோதித்தார்கள். குழாயடியில் நின்ற பெண்களின் கண்ணெதிரே சிவப்பு மஞ்சளாயிற்று. அந்த அம்மாள் ஒன்றும் பேசவில்லை. குடத்தைக் கவிழ்த்துவிட்டு, சோதனையில் தேறிய வேறொரு கிணற்றுக்கு நடந்தார். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கும்வரை அந்நடை ஓயவில்லை. முளைத்துவிட்ட பல்லின் கறை இனி நீங்காதென்று அவருக்கு முன்பே சொல்லியிருந்தேன். ஆனால் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லையே புளூரைடு கெடுக்கும் என்பதையும் சொல்லியிருந்தேன். அவருடைய இளைய மகளுக்கு அப்போது ஒரு வயது.