பெரிய ராக்கெட்டுக்கு எந்த மோட்டார்?

தீபாவளி ராக்கெட்டைப் பாட்டிலில் நிறுத்தித் திரியைப் பற்றவைத்திருப்பீர்கள். சில சமயம் அது நேரே மேலே சீறிப் பாயும். சில சமயம் அடுத்த வீட்டு மாடிக்குப் போய்விடும். அதன் எடை சில கிராம்தான். இரண்டு கிலோ எடையுள்ள ராக்கெட் ஒன்று அப்படி வழி தவறினால் என்னவாகும்?

அமெரிக்காவில் இரண்டு கிலோ, பத்துக் கிலோ, அதற்கும் மேற்பட்ட எடையுள்ள ராக்கெட்டுகளைப் பொழுதுபோக்காகச் செய்து ஏவுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனர். அவர்களுள் மாணவர்களும் உண்டு; ஓய்வு பெற்றவர்களும் உண்டு. ராக்கெட்டின் உடல், இறக்கை, மூக்குக்கூம்பு, பாரசூட் எல்லாம் அவரவர் கைவேலை. ஆனால் மோட்டாருக்குரிய உந்துபொருளை மட்டும் பெரும்பாலோர் கடையில்தான் வாங்குகின்றனர். இந்த வழக்கம் ஏற்பட்டதற்குக் காரணம் உண்டு.

1957 அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக் பறந்தது. அதைக் கண்ட அமெரிக்க இளைஞர் பலர் இரும்புக் குழாய்களில் இரசாயனப் பொருள்களைத் தாமே அடைத்து ராக்கெட் செய்ய முற்பட்டனர். குழாய்கள் வெடித்தன. விரலை இழந்தவர் உண்டு. உயிரை இழந்தவரும் உண்டு. நெப்ராஸ்கா மாநிலத்துச் செருப்புக்கடைக்காரர் ஆர்வில் கார்லைல் என்பவர் 1954இலேயே காகிதக் குழலுக்குள் அடங்கும் சிறு மோட்டாரைச் செய்திருந்தார். ஒருமுறை எரிந்தபின் அதை எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகலாம். இதைக் கண்ட ஹாரி ஸ்டைன் என்ற ராக்கெட் பொறியாளருக்கு உண்மை புலப்பட்டது. ஆபத்தான பகுதியைத் தொழிற்சாலை செய்யட்டும். மற்றவற்றை மாணவன் செய்யட்டும் என்றார் அவர். இந்தக் கொள்கையிலிருந்தே பொழுதுபோக்கு ராக்கெட் கலை வளர்ந்தது.

மோட்டார் என்பது எது?

இங்கு மோட்டார் என்றால் மின்சாரத்தால் சுழலும் மோட்டார் அன்று. திட உந்துபொருள் அடைத்த உருளை அது. மேல்முனை மூடியிருக்கும்; கீழ்முனையில் வாயு வெளியேறும் குறுகிய வாய் இருக்கும். இதற்கு நாசில் என்று பெயர். சிறு மோட்டார்களில் கருமருந்து இருக்கும். பெரியவற்றில் ஆக்சிஜனைத் தர அம்மோனியம் பெர்குளோரேட்டும், பிணைத்து வைக்கவும் தானே எரியவும் ஒருவகைச் செயற்கை ரப்பரும், பலவற்றில் அலுமினியத் தூளும் உண்டு. 1981 முதல் 2011 வரை பறந்த அமெரிக்க விண்வெளி ஓடத்தின் இருபுறமும் இருந்த பெரிய பூஸ்டர்களும், நம் பி.எஸ்.எல்.வி.யின் முதற்கட்டமும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே.

எழுத்தும் எண்ணும்

மோட்டாரின் மீது ‘எச் 128–14’ என்பது போல் எழுதியிருக்கும். இதில் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன.

முதலில் உள்ள எழுத்து மொத்தக் கணத்தாக்கைக் குறிக்கும். உந்துவிசையை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கினால் வருவது இது, அலகு நியூட்டன்-விநாடி. ‘ஏ’ வகையின் மேல் எல்லை 2.5. அடுத்தடுத்த எழுத்துக்கு எல்லை இரட்டிப்பாகும். ‘பி’ 5, ‘சி’ 10 என்று ஏறி ‘ஜி’ 160இல் வந்து நிற்கும். அதைத் தாண்டிய ‘எச்’ முதல் உயர்திறன் மோட்டார்கள். ‘எச்’ 320 வரை, ‘ஐ’ 640 வரை, ‘ஜே’ 1,280 வரை. ‘எம்’ மோட்டாரின் எல்லை 10,240! எழுத்து ஒன்று ஏறுவது சிறிய மாற்றமாகத் தோன்றினும் ஆற்றல் இரு மடங்காகிவிடுகிறது.

நடுவில் உள்ள 128 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசியில் உள்ள 14 என்பது தாமத நேரம், விநாடியில்.

எழுத்தை மட்டும் பார்க்கலாமா?

கூடாது. ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்கள் ராக்கெட் மோட்டாருடன் சேர்ந்து 2 கிலோ என்று கொள்வோம். அதன் எடை ஏறத்தாழ 19.6 நியூட்டன். இரண்டு ‘எச்’ மோட்டார்கள் உள்ளன. இரண்டின் கணத்தாக்கும் 180தான். ஆனால் ஒன்றின் உந்துவிசை 128 நியூட்டன். மற்றதன் உந்துவிசை 50. முதலாவது 1.4 விநாடியில் எரிந்துவிடும், இரண்டாவது 3.6 விநாடி எரியும்.

ராக்கெட்டை நேராக நிறுத்தி வழிகாட்டும் ஏவுதண்டவாளத்தின் நீளம் 2.4 மீட்டர். முதல் மோட்டாரில் முடுக்கம் (128–19.6)÷2, அதாவது விநாடிக்கு விநாடி 54 மீட்டர். தண்டவாளத்தை விட்டு நீங்கும்போது வேகம் விநாடிக்கு 16 மீட்டர். இரண்டாவதில் முடுக்கம் 15 மட்டுமே; வேகம் 8.5 மீட்டர்.

இதில் என்ன கேடு? இறக்கைகள் ராக்கெட்டை நேராக நிறுத்துவது காற்று அவற்றின்மீது வேகமாக ஓடும்போதுதான். பக்கவாட்டில் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால், முதல் ராக்கெட்டின்மீது அது 17 பாகைக் கோணத்தில் படும். இரண்டாவதின்மீது 30 பாகையில் படும். இரண்டாவது ராக்கெட் காற்றடிக்கும் திசைக்கு மூக்கைத் திருப்பிக்கொண்டு சாய்ந்து ஓடும். எரிந்துகொண்டே கூட்டத்தின் பக்கம் வந்தாலும் வரலாம்.

எனவேதான் சராசரி உந்துவிசை எடையைப்போல் ஐந்து மடங்காவது இருக்கட்டும் என்பது பழகியவர்களின் கணக்கு. மூன்று மடங்குக்குக் குறைந்தால் ஏவக்கூடாது என்பது அமெரிக்க தேசிய ராக்கெட் சங்கத்தின் விதி. நம் இரண்டாவது மோட்டாருக்கு இரண்டரை மடங்குதான் தேறுகிறது. அதை ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

தாமதம் ஏன்?

உந்துபொருள் எரிந்து தீர்ந்ததும் ராக்கெட் நின்றுவிடுவதில்லை. எறிந்த கல்லைப்போல் மேலே போய்க்கொண்டே இருக்கும். நம் முதல் மோட்டார் அணையும்போது வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 76 மீட்டர். காற்றுத்தடை இல்லையெனில் இன்னும் 7.8 விநாடி ஏறும். தடை இருப்பதால் அதற்குச் சற்று முன்பே உச்சியை அடையும். அங்கே வேகம் மிகக் குறைவு. பாரசூட் விரிய வேண்டிய இடம் அதுவே. மெல்ல எரியும் தாமதக் கலவை இந்நேரத்தை அளந்து, பிறகு சிறிதளவு மருந்தைப் பற்றவைத்துப் பாரசூட்டை வெளியே தள்ளுகிறது.

14 விநாடித் தாமதத்தை அப்படியே விட்டால்? ராக்கெட் உச்சியைத் தாண்டித் தலைகீழாக ஏழு விநாடி விழும். பாரசூட் தள்ளப்படுமுன் தரையில் குத்தினாலும் வியப்பில்லை. மூன்று விநாடி பிந்தினாலே வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டரை எட்டும்; அவ்வேகத்தில் விரியும் பாரசூட்டின் கயிறு ராக்கெட்டின் உடலையே வாழைத்தண்டை அறுப்பதுபோல் அறுத்துவிடும். ஆகவே அதற்குரிய கருவியால் தாமதக் கலவையை வேண்டிய அளவு குடைந்து நேரத்தைக் குறைத்துக்கொள்கின்றனர்.

உச்சியில் பற்றவைப்பது

கருமருந்து மோட்டார் நாசிலருகே ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். பெரிய மோட்டார் அப்படியன்று. பெரும்பாலானவற்றில் உந்துபொருளின் நடுவே நீளத் துளை இருக்கிறது. அதன் உட்சுவர் முழுவதும் ஏககாலத்தில் பற்ற வேண்டும். அழுத்தம் ஏறினால்தான் எரிதல் விரைவுபடும். கீழே பற்றவைத்தால் வாயு நாசில் வழியே போய்விடும், மேற்பகுதி பற்றாது. குப், குப்பென்று புகைந்து அடங்கும். அல்லது அரைகுறை உந்துவிசையில் கிளம்பிச் சாய்ந்துவிடும்.

எனவே எரியூட்டியைத் துளையின் மேல்முனையைத் தொடும்வரை செலுத்துகின்றனர். இரண்டு மின்கம்பிகள், அவற்றின் நுனியை இணைக்கும் மெல்லிய தடைக்கம்பி, அதன்மீது எளிதில் எரியும் பூச்சு: எரியூட்டி இவ்வளவே. மேலே எழும் தீ துளை வழியாகக் கீழே பாய்ந்து சுவர் முழுவதையும் பற்றவைக்கிறது.

மின்கலம் 12 வோல்ட் உடையது. ஆனால் ஏவுகிறவர் 30 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். போகவர 60 மீட்டர் கம்பி. 0.75 சதுர மில்லிமீட்டர் செப்புக்கம்பியானால் தடை 1.4 ஓம். எரியூட்டியின் தடை 1 ஓம் என்றால், மின்னழுத்தத்தில் பாதிக்கு மேல் கம்பியிலேயே செலவாகிவிடும்! அதனால் மின்கலத்தை ராக்கெட்டின் அருகே வைத்து, தொலைவிலிருந்து ரிலே மூலம் இயக்குவது வழக்கம்.

ராக்கெட்டை நிமிர்த்தி நிறுத்திய பிறகே எரியூட்டியைச் செருக வேண்டும். பாதுகாப்புச் சாவி ஏவுகிறவரின் பையில் இருக்க வேண்டும். பொத்தானை அழுத்தியும் ராக்கெட் கிளம்பவில்லையா? ஓடிப்போய்ப் பார்க்காதீர்கள் என்கிறது விதி. சாவியை எடுத்துவிட்டு 60 விநாடி காத்திருக்க வேண்டும். உள்ளே ஒரு கனல் இருந்தால் அது வெளிப்பட இந்த அவகாசம்.

யார் வாங்கலாம்?

கடைக்குப் போய் யாரும் ‘எம்’ மோட்டார் வாங்கிவிட முடியாது. முதல்நிலைச் சான்று பெற்றவருக்கு ‘எச்’, ‘ஐ’. எழுத்துத் தேர்விலும் தேறிய இரண்டாம் நிலையினருக்கு ‘ஜே’, ‘கே’, ‘எல்’. மூன்றாம் நிலையினருக்கே ‘எம்’ முதலானவை. ஒவ்வொரு நிலையிலும் ராக்கெட் மேலே போனால் மட்டும் போதாது. மீண்டும் பறக்கத்தக்க நிலையில் பத்திரமாகத் தரையிறங்கவும் வேண்டும்.

நம் நாட்டில் உரிமம் இன்றி வெடிபொருள் தயாரிப்பது 1884ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே இதைப் படித்துவிட்டு மருந்து இடிக்கக் கிளம்பாதீர்கள்! எடை, உந்துவிசை, தண்டவாள நீளம் ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றிக் காகிதத்தில் கணக்கிட்டுப் பாருங்கள். அதற்குப் பள்ளி இயற்பியலே போதும். கணக்குத் தவறினால் காகிதத்தைக் கிழித்துப் போடலாம். கிளம்பிவிட்ட ராக்கெட்டைத் திரும்பக் கூப்பிட முடியாது.